துணி துவைக்கத் தொடங்குகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிப்புக்கோ வேலைக்கோ ஊரைவிட்டு வந்து, சென்னையிலோ கோவையிலோ ஓர் அறையில் தங்கியிருப்பவர்கள் கேட்கிற கேள்விகள் இவை. கையில் ஒரு பக்கெட், குழாயில் போர்த் தண்ணீர், அதிர்ஷ்டம் இருந்தால் நாலு பேர் பங்குபோடும் ஒரு வாஷிங் மெஷின் என்று வைத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். புதிதாகத் துவைப்பவர்கள் சோம்பேறித்தனத்தால் துணியைக் கெடுப்பது அபூர்வம். பவுடர் அதிகம், பிரஷ் அதிகம், ஊறும் நேரம் அதிகம், அலசல் மட்டும் குறைவு. பாதிக் கேள்விகளுக்கான பதில் இதைச் சுற்றியேதான் வரும்.

முதலில் என்னென்ன வாங்க வேண்டும்?

இரண்டு பக்கெட், ஒரு மக், மென்மையான நைலான் பிரஷ், கொடிக்கயிறு, பிளாஸ்டிக் கிளிப் இரண்டு டஜன். ஒரு சோப்புத்தூள் அல்லது லிக்விட். காலர், கஃப், உள்ளாடைக்கு ஒரு சலவை சோப்புக் கட்டி. அவ்வளவுதான். நீலம், வாசனைக்கு ஊற்றுகிற கண்டிஷனர், பளிச்சென்று ஆக்கும் தனிப் பாக்கெட் எதுவும் முதல் மாதம் வேண்டாம். ஆனால் பக்கெட்டில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒன்றில் நுரை, இன்னொன்றில் நல்ல தண்ணீர் என்று இருந்தால்தான் அலசுவது ஒழுங்காக நடக்கும். கம்பிக் கொடி ஏற்கெனவே கட்டியிருந்தால் துரு இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். ஈரத் துணியில் ஏறும் துருக்கறை லேசில் போகாது.

எல்லாத் துணியையும் ஒன்றாக ஊறப்போட்டால் என்ன?

வெள்ளை பனியன் ரோஸ் நிறத்தில் வெளியே வரும். வெள்ளை, வெளிர் நிறம், அடர் நிறம் என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லி எல்லாரும் சொல்லியிருப்பார்கள். அதோடு துண்டையும் போர்வையையும் தனியாக எடுத்துவிடுங்கள். துண்டிலிருந்து உதிரும் பஞ்சு கறுப்பு பேண்ட் முழுக்க ஒட்டிக்கொள்ளும். சாக்ஸும் தனி. மிகவும் அழுக்கானதும் ஒருநாள் மட்டும் போட்ட சட்டையும் ஒரே தண்ணீரில் ஊறினால், அழுக்கு எல்லாவற்றுக்கும் பங்கு போய்ச் சேரும். வெள்ளைச் சட்டை நாளாக நாளாகச் சாம்பல் பூத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரிக்கும்போதே பைகளைத் துழாவிவிடுங்கள். மறந்துபோன ஒரு டிஷ்யூ பேப்பர் போதும், மொத்தத் துணியையும் உதறி உதறி எடுக்க வேண்டியிருக்கும். ஜிப்பை மூடுங்கள், ஜீன்ஸையும் படம் போட்ட டி-ஷர்ட்டையும் உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்புங்கள்.

புதுத் துணியைக் கல் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் போகாது என்கிறார்களே?

பாதி உண்மை. உப்புத் தண்ணீரில் இருக்கிற வரைக்கும் சில வகைச் சாயம் துணியைவிட்டு இறங்கத் தயங்கும். அடுத்த அலசலில் உப்பு போய்விடும், தயக்கமும் கூடவே போய்விடும். சாயம் நூலில் நிரந்தரமாகப் பிடிக்க வேண்டியது சாயப் பட்டறையில். அங்கே பிடிக்காததை நம் பக்கெட்டில் பிடிக்கவைக்க முடியாது. வினிகரும் பருத்தித் துணிக்கு உதவாது.

எனவே சோதித்துப் பார்ப்பதுதான் வழி. உள்மடிப்பு ஓரத்தை நனைத்து, வெள்ளைத் துணியால் அழுத்திப் பிடியுங்கள். நிறம் ஏறினால் முதல் மூன்று நான்கு சலவைக்கு அதைத் தனியாக, பச்சைத் தண்ணீரில், ஊறவைக்காமல் சட்டென்று அலசி, நிழலில் காயப்போடுங்கள். சுங்குடிச் சேலை, அடர் சிவப்பு, கருநீலம் இவற்றுக்குச் சோதனைகூட வேண்டாம், சாயம் போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே சாயம் ஒட்டிவிட்டது. இனி?

காயவிடாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே மறுபடி சோப்புத்தூள் கரைத்த தண்ணீரில் போட்டுத் துவையுங்கள். வெள்ளைப் பருத்தி என்றால் ஆக்சிஜன் வகைக் கறைநீக்கித் தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துச் சில மணி நேரம் ஊறவைக்கலாம். பெரும்பாலும் இறங்கிவிடும்.

லேபிளில் உள்ள படங்களுக்கு என்ன அர்த்தம்?

தண்ணீர்த் தொட்டி படம் துவைக்கலாம் என்பதற்கு. உள்ளே எண் இருந்தால் அது தாங்கக்கூடிய அதிகபட்ச வெப்பம், டிகிரி செல்சியஸில். தொட்டிக்குள் கை இருந்தால் கையால் மட்டும். தொட்டிக்குக் கீழே கோடு இருந்தால் மெதுவான சுற்று. முக்கோணம் பிளீச், சதுரம் காயவைப்பது, வட்டம் கடையில் கொடுக்கும் டிரை கிளீனிங். இஸ்திரிப் பெட்டிக்குள் ஒரு புள்ளி என்றால் குறைந்த சூடு, மூன்று புள்ளி என்றால் பருத்திக்கான முழுச் சூடு. எதன் மேல் பெருக்கல் குறி இருக்கிறதோ அதைச் செய்யக் கூடாது. லேபிளை வெட்டி எறிவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பவுடர் போடுவது? நுரை வரவே மாட்டேன் என்கிறது.

அரை பக்கெட் தண்ணீர், ஐந்தாறு துணி என்றால் ஒரு மேசைக்கரண்டி. அழுக்கு அதிகம் என்றால் இன்னும் அரைக் கரண்டி. நுரையைப் பார்த்து அளவைக் கூட்டாதீர்கள். அழுக்கை எடுப்பது தண்ணீரில் கரைந்திருக்கும் சோப்பு, மேலே மிதக்கிற நுரை இல்லை. கூடுதலாகப் போட்ட பவுடர் நூலுக்குள் தங்கி, துணியை விறைப்பாக்கி, புது அழுக்கை இழுத்து ஒட்டவைக்கும். கழுத்தில் அரிப்பு எடுக்கிறது என்று சொல்பவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும்? நான் ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் துவைக்கிறேன்.

அரை மணி நேரம் போதும், மிஞ்சிப்போனால் ஒரு மணி. ராத்திரி முழுக்க ஊறினால் வெளியே வந்த அழுக்கு திரும்பத் துணியிலேயே படியும், சாயம் இறங்கும், நம் ஊர் வெயில் காலத்தில் நாற்றமும் பிடிக்கும். காலையில் எழுந்ததும் ஊறப்போட்டுவிட்டுப் பல் தேய்த்து, காபி குடித்துவிட்டு வந்தால் சரியாக இருக்கும். உல்லன், பட்டு, ரேயான் மூன்றையும் ஊறவே வைக்காதீர்கள்.

கையால் துவைக்கும் முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா?

முதலில் தண்ணீர், அதில் பவுடரை நன்றாகக் கரைக்க வேண்டும், கடைசியில்தான் துணி. துணி மேல் பவுடரைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் பிடித்தால் கறுப்புத் துணியில் வெள்ளைத் திட்டு விழும். ஒரே நுரையில் வெளிர் நிறத்தை முதலில் முடித்துவிட்டு, அப்புறம் அடர் நிறத்தைப் போடலாம்; தண்ணீர் மிச்சம்.

ஊறியதும் முழுச் சட்டையையும் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டிய அவசியம் இல்லை. அழுக்கு இருக்கிற இடங்கள் தெரிந்தவைதானே: காலரின் உள்மடிப்பு, கஃப், அக்குள், பேண்டின் கால் ஓரம். அங்கே மட்டும் சோப்புக் கட்டியை ஓட்டி, நூல் ஓடும் திசையிலேயே பிரஷால் நாலு இழுப்பு. மற்ற இடத்தைக் கையால் கசக்கினால் போதும். கல்லில் அடித்துத் துவைக்கிற பழக்கம் உவர்மண்ணும் கட்டிச் சோப்பும் மட்டும் இருந்த காலத்தில் வந்தது. இந்தியாவில் சர்ஃப் 1959-லும், விலை குறைந்த நிர்மா 1969-லும் வந்தன. பவுடர் வீட்டுக்கு வீடு வந்த பிறகு பாதி வேலையை ஊறல் பார்த்துக்கொள்கிறது. இன்றைக்குக் கல்லில் அடித்தால் உடைவது பட்டன்தான்.

இனிதான் முக்கியமான கட்டம். நுரையிலிருந்து எடுத்த துணியை அப்படியே நல்ல தண்ணீரில் முக்காதீர்கள். பிழிந்துவிட்டு முக்குங்கள், கசக்குங்கள், மறுபடி பிழியுங்கள், தண்ணீரை மாற்றுங்கள். நடுவில் பிழியாமல் ஐந்து தடவை அலசுவதைவிட, பிழிந்து பிழிந்து மூன்று தடவை அலசுவது மேல். சோப்புத் தண்ணீர் துணிக்குள் இருக்கிற வரைக்கும் அலசுகிற தண்ணீரும் சோப்புத் தண்ணீர்தான். கடைசித் தண்ணீர் தெளிவாகவும், துணி கைக்கு வழுக்காமலும் இருந்தால் முடிந்தது என்று அர்த்தம்.

பிழிவதிலும் ஆள் பார்க்க வேண்டும். பருத்தி ஈரத்தில் இன்னும் உறுதியாகும், முறுக்கிப் பிழியலாம். ரேயான் குர்த்தி நேர்மாறு, நனைந்தால் பலம் குறைந்துவிடும். அதை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் போதும்.

போர்த் தண்ணீரில் எவ்வளவு துவைத்தாலும் வெள்ளை வெளுக்கவில்லை. ஏன்?

தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும்தான் காரணம். இவை கட்டிச் சோப்போடு சேர்ந்து, கரையாத ஒரு பிசுக்காக மாறித் துணியில் ஒட்டும். பக்கெட்டைச் சுற்றிப் படியும் அந்த வெள்ளைப் படலம் அதுதான். குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500 இந்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை சரி என்கிறது. வேறு தண்ணீரே இல்லை என்றால் 600 வரை. பல இடங்களில் போர்த் தண்ணீர் இதையும் தாண்டும்.

செய்யக்கூடியவை மூன்று. ஒன்று, இப்படிப்பட்ட தண்ணீருக்கு டிடர்ஜென்ட் பவுடரோ லிக்விடோதான் முதன்மையாக இருக்க வேண்டும், கட்டிச் சோப்பு காலருக்கு மட்டும். இரண்டு, பவுடர் போடுவதற்கு முன்னால் அரை பக்கெட்டுக்கு ஒரு தேக்கரண்டி சலவை சோடா கரையுங்கள். சமையலறையில் இருக்கும் ஆப்ப சோடா வேறு, இது வேறு. மளிகைக் கடையில் வாஷிங் சோடா என்று கேட்டால் கொடுப்பார்கள். கைத்தோலைக் காய்ச்சிவிடும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பட்டுக்கும் உல்லனுக்கும் ஆகவே ஆகாது. மூன்று, மெட்ரோ தண்ணீரோ மழைத் தண்ணீரோ கொஞ்சம் கிடைத்தால் அதைத் துவைக்கச் செலவழிக்காமல் கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மெஷினில் எல்லாம் தானாக நடந்துவிடும்தானே?

பிரிப்பது, பை துழாவுவது, காலர் தேய்ப்பது எதுவும் தானாக நடக்காது. டிரம்மை அமுக்கி நிரப்பாதீர்கள். துணி புரண்டு விழ இடம் இருந்தால்தான் அழுக்குப் போகும். உலர்ந்த துணியைப் போட்ட பிறகு மேலே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். முன்பக்கம் கதவு வைத்த மெஷின் குறைவான தண்ணீரில் ஓடுவது. அதற்கென்று விற்கும் நுரை குறைந்த பவுடரைத்தான் போட வேண்டும். சாதாரணப் பவுடர் போட்டால் நுரை பொங்கி, துணி அதிலேயே மிதந்து சரியாகத் துவையாது.

அன்றாடத் துணிக்குச் சாதாரண வெப்பம், குறுகிய சுற்று போதும். துண்டு, படுக்கை விரிப்பு, உள்ளாடைக்கு 60 டிகிரி நல்லது. உப்புத் தண்ணீர் என்றால் கூடுதலாக ஒரு அலசல் பட்டனை அமுக்கிவிடுங்கள். முடிந்ததும் துணியை உடனே எடுத்து, கதவைத் திறந்தே வையுங்கள். பங்குபோடும் மெஷினில் பஞ்சு வடிகட்டியை யாருமே சுத்தம் செய்திருக்க மாட்டார்கள். ஒருநாள் திறந்து பாருங்கள், வியந்துபோவீர்கள்.

சாம்பார் கறையில் சோப்புப் போட்டதும் சிவப்பாகிவிட்டது. பயந்துவிட்டேன்.

பயப்பட ஒன்றுமில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தைத் தொட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்ததும் சிவக்கிறதே, அதே வேலைதான். சோப்பில் காரம் இருக்கிறது. நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகும். குர்குமினுக்கு வெயில் ஆகாது. எண்ணெய்ப் பசை போகப் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு தேய்த்துத் துவைத்து, ஈரத்தோடு நல்ல வெயிலில் போடுங்கள். ஒரு வெயிலில் போகாதது இரண்டு மூன்று வெயிலில் மறைந்துவிடும்.

மற்ற கறைகள்?

எல்லாவற்றுக்கும் பொதுவானது: உடனே பச்சைத் தண்ணீர், கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுப்பது, போகும் வரை சூடு காட்டாமல் இருப்பது.

இரத்தத்துக்குக் கண்டிப்பாகப் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் பட்டால் அதிலுள்ள புரதம் இறுகி நூலைப் பிடித்துக்கொள்ளும். மாதவிலக்குக் கறைக்கும் இதேதான்; ஊறவைத்து, சோப்புக் கட்டி போட்டுத் துவைத்தால் போகும், யாரிடமும் மறைக்க வேண்டிய விஷயமும் இல்லை. பால் கலந்த டீ, காபிக்கும் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு டிடர்ஜென்ட். பால்பாயின்ட் பேனா மைக்கு சானிடைசரோ ஸ்பிரிட்டோ ஊற்றி, அடியில் ஒரு பழைய துணியை வைத்து ஒற்றுங்கள். சேற்றை மட்டும் காயவிட்டு உதறிய பிறகு துவைக்க வேண்டும். துருவுக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்து அலசலாம். பிளீச் போட்டால் துரு இன்னும் அழுத்தமாகும்.

வாழைக்கறை பற்றிக் கேட்பவர்களுக்கு நல்ல செய்தி இல்லை. பட்ட நிமிடமே கழுவினால் உண்டு. காய்ந்து பழுப்பாகிவிட்டால் அந்தச் சட்டையை வீட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

பிளீச் பயன்படுத்தலாமா?

வெள்ளைப் பருத்திக்கு மட்டும், தண்ணீரில் கலந்து, எப்போதாவது. வண்ணத் துணி, பட்டு, உல்லன், இழுபடும் எலாஸ்டிக் துணி எதிலும் வேண்டாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: குளோரின் பிளீச்சோடு வினிகரையோ எலுமிச்சையையோ கழிப்பறை கழுவும் ஆசிடையோ கலக்கவே கூடாது. நச்சான குளோரின் வாயு வரும், அதுவும் நாம் துவைப்பது கதவைச் சாத்திய சின்னக் குளியலறையில்.

நீலம், கஞ்சி இரண்டும் இன்றைக்குத் தேவையா?

நீலம் அழுக்கை எடுப்பதில்லை. வெள்ளைத் துணியில் ஏறியிருக்கும் மஞ்சளை, லேசான நீலம் கண்ணுக்குத் தெரியாமல் அடிக்கிறது. 1983-இல் திருச்சூரில் தொடங்கிய உஜாலா அதைச் சொட்டு மருந்து கணக்குக்குக் கொண்டுவந்தது. வேட்டி கட்டுபவர் என்றால் வாங்குங்கள். ஒரு பக்கெட் தண்ணீரில் கரைத்து, நன்றாகக் கலக்கிய பிறகு துணியை முக்குங்கள். நேராகத் துணி மேல் விட்டால் திட்டுத் திட்டாகும்.

கஞ்சி காட்டன் சேலைக்கும் வேட்டிக்கும் ஒரு கம்பீரம் தரும். சோறு வடித்த கஞ்சியைத் தண்ணீர் விட்டு நீர்க்கவைத்து, வடிகட்டி, கடைசி அலசலுக்குப் பிறகு முக்கி எடுங்கள். ஆனால் பல மாதம் பெட்டியில் வைக்கப்போகிற துணிக்குக் கஞ்சி போடக் கூடாது. பூச்சி தேடி வரும், மடிப்பில் நூல் வெடிக்கும்.

அம்மாவின் பட்டுச் சேலையைக் கட்டினேன். திருப்பிக் கொடுக்கும் முன் துவைக்க வேண்டுமா?

வேண்டாம். ஒரு முறை கட்டியதற்கெல்லாம் பட்டைத் துவைப்பதில்லை. நிழலில், காற்றுப் படுகிற இடத்தில் சில மணி நேரம் விரித்துப்போட்டு, பருத்தித் துணியில் சுற்றிக் கொடுங்கள். கறை பட்டிருந்தால் நீங்களாக எதையும் தேய்க்காமல் டிரை கிளீனிங்கில் கொடுங்கள். பல சோப்புத்தூள்களில் புரதத்தைக் கரைக்கும் என்சைம் இருக்கும். பட்டே புரத நூல்தான். சென்ட்டைச் சரிகை மேல் அடிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

மழைக்காலத்தில் துணியில் ஒரு புழுங்கிய வாடை வருகிறது. மறுபடி துவைத்தாலும் போகவில்லை.

அது கிருமியின் வேலை. ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2012-இல் இந்த வாடைக்குக் காரணமாக மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியாவை அடையாளம் காட்டினார்கள். துவைத்த பிறகும் கொஞ்சம் மிஞ்சும். துணி ஈரமாகவே நேரம் கடந்தால் பெருகும். ஐப்பசி, கார்த்திகையில் அறைக்குள் காயப்போடுபவர்களுக்கு இது தவிர்க்க முடியாதது போலத் தெரியும். உண்மையில் வேகமாகக் காயவைத்தால் வாடை வராது.

அதற்கு முதலில் மெஷின் இருந்தால் ஸ்பின்னை மட்டும் இன்னொரு முறை ஓட்டுங்கள். கையால் என்றால், பிழிந்த துணியை உலர்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி, மேலே ஏறி மிதியுங்கள். எவ்வளவு தண்ணீர் துண்டுக்குப் போகிறது என்று பாருங்கள். பிறகு இடைவெளி. கொடியில் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டால் விடிய விடியக் காயாது. சட்டையை ஹேங்கரில், பேண்டை இடுப்புப் பக்கம் விரித்து கிளிப்பில் மாட்டி, மின்விசிறியைச் சுழலவிட்டு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவையுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை மூட்டையாகத் துவைக்காமல், நாலு நாலு துணியாக அடிக்கடி துவைப்பதுதான் புத்திசாலித்தனம்.

வாடை ஏற்கெனவே பிடித்த பருத்தித் துணியை 60 டிகிரியில் துவைக்கலாம், அல்லது ஆக்சிஜன் தூள் போட்ட வெந்நீரில் ஊறவைத்துத் துவைக்கலாம். கண்டிஷனர் ஊற்றி வாசனையால் மூடினால் வேர்த்ததும் வாடை திரும்பிவிடும். துண்டுக்குக் கண்டிஷனர் எப்போதுமே வேண்டாம், தண்ணீரை உறிஞ்சாது.

வெயிலில் காயப்போட்டால் நிறம் மங்குகிறதே?

வெள்ளையும் துண்டும் வெயிலுக்கு, மற்றவை உள்பக்கம் திருப்பி நிழலுக்கு. உதறிக் காயப்போட்டால் பாதி இஸ்திரி முடிந்த மாதிரி. ஸ்வெட்டரைத் தொங்கவிட்டால் முழங்கால் வரை நீண்டுவிடும். படுக்கையாக விரித்து வையுங்கள்.

இஸ்திரிக்கு ஏதாவது குறிப்பு?

லேசான ஈரம் இருக்கும்போது போடுங்கள். குறைந்த சூடு கேட்கும் துணியில் தொடங்கி, பருத்தியைக் கடைசியில் வையுங்கள். காலர், கஃப், கை, உடல் என்ற வரிசை. ஆபீஸ் சட்டை அஞ்சாறுக்கு மேல் என்றால் தெருமுனை இஸ்திரி வண்டியில் கொடுத்துவிடுங்கள், அவர் கை நமக்கு வராது.

எத்தனை முறை போட்டபின் துவைப்பது?

உள்ளாடை, சாக்ஸ், பனியன் ஒவ்வொரு முறையும். சட்டையும் டி-ஷர்ட்டும் நம் ஊர் வேர்வைக்கு ஒருநாள். ஜீன்ஸ் அஞ்சாறு முறை தாங்கும். துண்டு வாரம் இருமுறை, தலையணை உறையும் படுக்கை விரிப்பும் வாரம் ஒருமுறை. போட்ட சட்டையை நாற்காலியில் குவிக்காமல் கொடியில் விரித்துப் போட்டாலே பாதி நாற்றம் வராது.

ஒவ்வொரு முறையும் ஒரு சாக்ஸ் காணாமல் போகிறது.

முன்கதவு மெஷின் என்றால் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் மடிப்புக்குள் விரலைவிட்டுத் தேடுங்கள். அங்கே இல்லை என்றால் போர்வையின் மூலைக்குள். அங்கும் இல்லை என்றால் உங்களுக்கு முன்னால் மெஷினைப் பயன்படுத்திய அறைத் தோழரிடம் கேளுங்கள்.